ஆட்-ஆன் வெளியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஜிப்பில் லைப்ரரி இருக்கிறதா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்கு ஆட்-ஆன் (விளையாட்டோடு சேர்த்து ஓடும் துணை நிரல்) எழுதுபவர்கள் பயனர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் புகார் இது: "நிறுவினேன், ஒன்றுமே வரவில்லை." நம் கணினியில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். பயனர்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். பல நேரங்களில் தப்பு நம்முடையது. ஜிப்பில் போயிருக்க வேண்டிய லைப்ரரி (பல ஆட்-ஆன்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) ஒன்று போகவில்லை.

இது நம் கண்ணில் படாமல் போவதற்கு லைப்ரரிகளைப் பதிவு செய்து, கேட்கும் ஆட்-ஆனுக்கு எடுத்துக் கொடுக்கும் லிப்ஸ்டப் என்ற சிறு நிரல் வேலை செய்யும் விதம்தான் காரணம். ஒரே லைப்ரரியைப் பத்து ஆட்-ஆன்கள் தங்களோடு கொண்டுவந்தாலும், விளையாட்டுக்குள் பயன்படுவது ஒன்றுதான். லைப்ரரி ஏறும்போது தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் லிப்ஸ்டப்பிடம் சொல்லும். அதே பெயரில் அதே எண்ணோ அதைவிடப் பெரிய எண்ணோ ஏற்கெனவே பதிவாகியிருந்தால், புதிதாக வந்ததை லிப்ஸ்டப் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடும். பெரிய எண்ணோடு வந்தால் பழையதன் இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாளரம், பொத்தான் போன்றவற்றை உருவாக்க உதவும் ஏஸ்ஜியூஐ என்ற லைப்ரரி உங்கள் ஜிப்பில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் இருபது ஆட்-ஆன்கள் இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்று ஏஸ்ஜியூஐயை உங்களுக்கு முன்பே ஏற்றிவிட்டிருக்கும். நீங்கள் கேட்டதும் லிப்ஸ்டப் அதை எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் ஆட்-ஆனை மட்டும் நிறுவியவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைப்பது, லைப்ரரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி. லூவா (ஆட்-ஆன்கள் எழுதப்படும் நிரல்மொழி) பிழைகளைக் காட்டும் அமைப்பை அவர் அணைத்து வைத்திருந்தால் அதுகூடத் தெரியாது.

அதனால் வெளியிடும் முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆட்ஆன்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அமைப்புகள் சேமிக்கப்படும் டபிள்யூடிஎஃப் ஃபோல்டரையும் அப்படியே நகர்த்துங்கள். பயனருக்குப் போகப்போகும் அதே ஜிப்பை விரித்து, அதை மட்டும் போட்டு விளையாட்டைத் திறங்கள். கோப்புகளை எடிட் செய்யும் ஃபோல்டரை நகலெடுத்துப் போட்டால் அது சோதனையே இல்லை. டபிள்யூடிஎஃப்பையும் நகர்த்தச் சொல்வது எதற்கென்றால், முதன்முறை வருபவருக்குச் சேமித்த அமைப்பு எதுவும் இருக்காது. உங்கள் நிரல் அதை எதிர்பார்த்தால் அங்கேயே விழும்.

லைப்ரரிக்கும் லைப்ரரி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமைப்புத் தேர்வுகளை உருவாக்கும் ஏஸ்கான்ஃபிக் லைப்ரரியின் அமைப்பு சாளரத்துக்கு ஏஸ்ஜியூஐ வேண்டும். அமைப்புகளைச் சேமிக்கும் ஏஸ்டிபிக்கு கால்பேக்ஹேண்ட்லர் என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். வரிசையும் முக்கியம்: எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று விளையாட்டுக்குச் சொல்லும் டிஓசி கோப்பில் லிப்ஸ்டப் முதலில், அடுத்து கால்பேக்ஹேண்ட்லர், அப்புறம் மற்றவை, கடைசியில் உங்கள் நிரல்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது: லைப்ரரிக்குள் கைவைப்பது. ஒரு சின்ன மாற்றம்தானே என்று உங்கள் நகலில் இரண்டு வரி திருத்துகிறீர்கள். எண்ணை மாற்றாமல் விட்டால், வேறொரு ஆட்-ஆன் கொண்டுவரும் நகல் முந்திக்கொண்டு உங்கள் திருத்தம் காணாமல் போகலாம். எண்ணை உயர்த்தினால் உங்கள் திருத்தம் அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் எல்லா ஆட்-ஆன்களுக்குள்ளும் புகுந்துவிடும். அவை உடைந்தால் திட்டு வாங்குவது உங்களைப் பற்றித் தெரியவே தெரியாத யாரோ ஒருவர். இது நியாயமே இல்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் லைப்ரரியின் பெயரை மாற்றிப் பதிவு செய்யுங்கள். அதைவிட நல்லது, திருத்தத்தை மூல ஆசிரியருக்கு அனுப்புவது.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தானாக உருவாக்கும் மூலநிரல் ஜிப்பைப் பயனருக்குக் கொடுக்காதீர்கள். விரித்தால் ஃபோல்டர் பெயரின் முடிவில் கிளையின் (நிரலின் தனி வளர்ச்சிப் பாதை) பெயரோ டேகின் (ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு இடும் அடையாளம்) பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டர் பெயரும் டிஓசி கோப்பின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், ஆட்-ஆன் பட்டியலிலேயே அது வராது. தவிர, ஜிப்பை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று சொல்லும் பிகேஜிமெட்டா கோப்பில் எக்ஸ்டர்னல்ஸ் (வெளியிலிருந்து எடுக்க வேண்டியவை) என்று நீங்கள் எழுதி வைத்த லைப்ரரிகள் அந்த ஜிப்பில் இருக்காது. வெளியீட்டு ஜிப்பைத் தயாரிக்கும் கருவியான பேக்கேஜர் ஓடும்போதுதான் அவை இழுத்துவரப்படும். பிகேஜிமெட்டாவில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் டேகைக் குறிப்பிட்டுவிடுங்கள். கிளையின் கடைசி நிலையை அப்படியே இழுத்தால், யாரோ அரைகுறையாக விட்ட மாற்றம் உங்கள் வெளியீட்டில் ஏறிவிடும்.

ஆட்-ஆன் விளையாட்டின் எந்தப் பதிப்புக்கானது என்று டிஓசியில் குறிப்பிடும் இன்டர்ஃபேஸ் எண் சின்ன விஷயம்தான்: 10.2.7-க்கு 100207, 11.0.2-க்கு 110002. பழைய ஆட்-ஆன்களையும் ஏற்று என்ற பெட்டியை நீங்கள் டிக் செய்து வைத்திருந்தால், எண் பழையது என்பதே உங்களுக்குத் தெரியாது. சோதிக்கும்போது அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

லைப்ரரி இல்லாத ஜிப்பையும் தனியாக வெளியிடுகிறீர்கள் என்றால், டிஓசியின் ஆப்ஷனல்டெப்ஸ் (இருந்தால் முன்னால் ஏற்ற வேண்டியவை) வரியில் ஒவ்வொரு லைப்ரரியின் பெயரும் இருக்க வேண்டும். அப்போதுதான் தனியாக நிறுவப்பட்ட லைப்ரரி உங்களுக்கு முன்னால் ஏறும்.

கடைசியாக உரிமம். பேக்கேஜர்தானே இழுத்துவருகிறது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. ஜிப்பில் சேர்த்தால் அதை விநியோகிப்பவர் நீங்கள்தான். உரிமக் கோப்பே இல்லாத லைப்ரரி என்றால் எல்லா உரிமையும் எழுதியவருடையது. அப்படிப்பட்டதைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, சம்மதம் வந்த பிறகு சேருங்கள். உரிமக் கோப்பு இருந்தால், ஜிப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று அதை நீக்கிவிடாதீர்கள்.