வடகிழக்குப் பருவமழையில் 200 கி.மீ. சைக்கிள் பயணத்தை முடிப்பது எப்படி?

பிரெவே எனப்படும் நெடுந்தொலைவுச் சைக்கிள் பயணத்தில் 200 கி.மீ. தொலைவை 13 மணி 30 நிமிடத்துக்குள் கடந்தாக வேண்டும். இது பந்தயமன்று, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மதிப்புதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையின் தென்கோடியிலிருந்து மரக்காணத்தை ஒட்டிச் சென்று திரும்பும் பயணத்தை நான் முதன்முறை நவம்பர் மழையில் முயன்று, 140ஆவது கிலோமீட்டரில் கைவிட்டேன். மறுமுறை, அதைவிடக் கடுமையான மழையில், 25 நிமிடம் மீதமிருக்க முடித்தேன். டியூப் மாற்றத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: காற்றைப் பாருங்கள்

எல்லோரும் மழை பெய்யுமா என்றே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தாலோ இடி மின்னல் இருந்தாலோ வீட்டிலேயே இருந்துவிடுங்கள். அதில் வீரத்துக்கு இடமில்லை.

படி 2: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

டயரில் வழக்கமாக 80 பி.எஸ்.ஐ. காற்று வைப்பவர் 70 வைத்தால், ஈரச் சாலையில் பிடிமானம் கூடும். செயினுக்கு மழைக்கால எண்ணெயைத்தான் இட வேண்டும். வெயில் காலத்து எண்ணெய் இரண்டு மணி நேரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். மட்கார்டு அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீரில் நாள் முழுக்க ஊறிய இருக்கையில் 100 கிலோமீட்டருக்கு மேல் உட்கார முடியாது. முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம் தேவை. நவம்பரில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும்.

படி 3: உடை, உணவு

காற்றுப் புகாத மழைக்கோட்டு உள்ளே வியர்வையால் நனைக்கும் என்பதால், நான் கையில்லாத மெல்லிய மேலங்கியையே விரும்புகிறேன். நனைவது பெரிய துன்பமன்று. நனைந்தபின் நிற்பதுதான் துன்பம். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றதும் உடல் நடுங்கத் தொடங்கினால், ஒரு பழைய நாளிதழைக் கேட்டு வாங்கி, இரண்டாக மடித்துச் சட்டைக்குள் மார்பின்மேல் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அதுவே போதும். கடலைமிட்டாயை உறையைப் பிரித்தே பையில் வையுங்கள், ஈர விரல்களால் அந்த உறையைக் கிழிக்க முடியாது. மழையில் தாகம் தெரியாது என்பதால், அரை மணிக்கு ஒருமுறை கணக்கு வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

படி 4: போகும்போது அடக்கிப் பிடியுங்கள்

முதன்முறை பின்காற்றில் மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் பறந்து, அதை என் கால்வலிமை என்று நம்பிவிட்டேன். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குத் திரும்புமுனையை அடைந்தாலே போதும். எதிர்காற்றில் 14 கி.மீ. வேகத்தில் வந்தாலும் மீதி 100 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், இரவு 7.30 வரை கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்பது அடுத்த படியில் புரியும்.

படி 5: பஞ்சர்

என்னை வீழ்த்தியது இதுதான். ஈரத்தில் கண்ணாடித் துணுக்கும் கம்பியும் டயரில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் வழுக்குவதால் ரப்பரை எளிதில் துளைத்தும் விடுகின்றன. எனக்குக் கடப்பாக்கத்தின் அருகே முதல் பஞ்சர் ஆனது. உடனே புது டியூப் மாட்டினேன். ஐந்து கிலோமீட்டரில் அதுவும் இறங்கியது. அதற்கு ஒட்டுப் போட முயன்றபோது, ஈர ரப்பரில் பசை பிடிக்கவேயில்லை. சட்டையின் உட்புறத்தால் துடைத்துத் துடைத்து எப்படியோ ஒட்டி, கல்பாக்கத்துக்குச் சற்று முன்வரை உருட்டிக்கொண்டு வந்தேன். அங்கே மூன்றாவது முறையும் இறங்கியது. மூன்று முறையும் காரணம் ஒன்றே: தேய்ந்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த, தலைமுடியளவு மெல்லிய எஃகுக் கம்பி.

ஆகவே புது டியூபைத் தொடும் முன் கம்பியைக் கண்டுபிடியுங்கள். டயரை மாட்டும்போதே அதன் பெயரெழுத்து வால்வுக்கு நேராக இருக்கும்படி வீட்டில் அமைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சரான டியூபில் காற்றடித்து உதட்டருகே கொண்டுபோனால், மழைச் சத்தத்தில் காதுக்குக் கேட்காத கசிவு ஈர உதட்டில் குளிர்ச்சியாகத் தெரியும். வால்விலிருந்து அந்த ஓட்டை எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் தேட வேண்டிய இடம் அகப்படும். அங்கே விரலால் தடவாமல், ஒரு பஞ்சுத்துண்டைத் தேயுங்கள். கம்பி அதில் நூலிழுக்கும். பிடுங்குவதற்கு, புருவம் திருத்தும் சிறு இடுக்கியைவிட நல்ல கருவி எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு உபரி டியூப்கள், குழாய் வைத்த கைப்பம்பு ஆகியவை அவசியம். ஒருமுறை திறந்தால் தீர்ந்துபோகும் வாயுக்குப்பியை நம்பாதீர்கள்.

படி 6: திரும்பும் வழி

உயர் கியரில் முரண்டு பிடிக்காமல், ஒரு கியர் குறைத்து, முழங்கையை மடக்கித் தாழ்ந்து ஓட்டுங்கள். சக பயணிகளோடு முறைவைத்து முன்னும் பின்னுமாகச் செல்ல விதி இடம் தருகிறது. நால்வர் சேர்ந்தால் எதிர்காற்று பாதியாகிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் மழையில் நெருங்கித் தொடரும்போது முன்னவர் சக்கரத்துக்கு நேர்பின்னால் செல்லாமல், சற்றுப் பக்கவாட்டில் செல்ல வேண்டும், ஏனெனில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் முதல் சுற்றில் தண்ணீரைத் துடைக்க மட்டுமே செய்கிறது. சாலையின் வெள்ளைக் கோடுகளிலும் முட்டுக்காடு போன்ற பாலங்களின் இரும்பு இணைப்புகளிலும் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது, நேராகக் கடந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: டிஸ்க் பிரேக் உள்ளவருக்கு இந்தக் கவலை இல்லையே என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிரேக் உடனே பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் மணல் கலந்த நீரில் ரெசின் (பிசின்) வகை பிரேக் கட்டைகள் விரைவில் தேயும் என்பதால், பாதி தேய்ந்த கட்டையோடு புறப்பட வேண்டாம். இன்னொருவர், அத்தனை தொலைவையும் முடித்தும், வழியில் கடந்த இடங்களுக்குச் சான்றாகக் கையெழுத்து வாங்கும் பயண அட்டையில் கையெழுத்து கரைந்துபோய்ச் சிக்கலானதாக எழுதினார். அட்டையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுவதோடு, பந்துமுனைப் பேனா ஒன்றையும் உடன் வையுங்கள்; கையெழுத்திடுபவர் ஜெல் பேனாவை எடுத்தால், உங்களுடையதை நீட்டுங்கள்.