குழப்படி என்று அடிக்க முதல் ஒரு கொப்பி எடுங்கோ

மகனுக்கு ஐந்து வயது. ஓட்டிசமாக இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், பரிசோதனை இன்னும் முடியவில்லை. ஆனால் அவன் தலையைச் சுவரில் மோதுவதும் கையைக் கடிப்பதும் டொக்டர் பெயர் வைக்கும்வரை பொறுத்திருக்காது. முள்ளியவளையில் எங்கள் வீட்டில் இந்த ஏழு மாதமாக என்ன செய்தோம் என்று, இப்போதுதான் தொடங்கும் தாய் தகப்பனுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் உடம்பு

காது, பல், வயிறு மூன்றையும் காட்டுங்கோ. சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் காதுக்குத்தும் மலச்சிக்கலும் கத்தலாகத்தான் வெளியே வரும். கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கோ. திடீரென்று வெறித்தபடி நிற்கிறான், கை கால் இழுக்கிறது, முன்பு சொன்ன சொற்கள் இல்லாமல் போகிறது என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்க வேண்டாம்.

2. கொப்பி

80 பக்கக் கொப்பி காணும். போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. அம்மம்மாவும் எழுதவேண்டும், முன்பள்ளி ரீச்சரும் எழுதவேண்டும். போனைக் கண்டால் மகன் அதற்கே அழுவான். கொப்பியையும் பேனையையும் குசினிக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முதல் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பிறகு என்ன நடந்தது என்று நேரத்தோடு எழுதுங்கோ. இரண்டு கிழமைக்கு வேறொன்றையும் மாற்ற வேண்டாம்.

நான் இடறியது இங்கேதான். முதல் கிழமை நான் எழுதியதெல்லாம் "சும்மா கத்தினான்", "பிடிவாதம்", "வேணுமென்று செய்தான்". பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் அதை வாசித்துவிட்டு, "அக்கா, கமரா ஒன்று இருந்திருந்தால் அதில் என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கோ" என்றார். அதன்பிறகு இப்படி எழுதினேன்: "பின்னேரம் 5.40. பக்கத்து வளவில் தண்ணிப் பம் போட்டார்கள். இரண்டு காதையும் பொத்தினான். தலையை மோதினான். அம்மம்மா பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நிறுத்திவிட்டான்." ஒரே கிழமையில் மூன்று தரம், மூன்றும் பம் போட்ட நேரம். அவனுக்கு அந்தச் சத்தம் நோகிறது.

மூன்றாவது நிரல் இன்னும் கடினம். அதில் எழுதுவது பிள்ளையைப் பற்றியல்ல, எங்களைப் பற்றி. "போன் கேட்டான். இல்லை என்றேன். கடித்தான். கொடுத்தேன்." பதினொரு தரம் இதே வரி. கடித்தால் போன் வரும் என்று படிப்பித்தது நான்தான் என்று அன்றிரவு விளங்கியது.

3. காரணத்துக்கு ஏற்ற வழி

தலை மோதுவது ஒன்றுதான், காரணம் வேறு வேறு. பம் போட முதல் பக்கத்து வீட்டு அண்ணா இப்போது ஒரு குரல் தருகிறார். புல்லு வெட்டும் மெசினோடு போடும் காதுமூடியைப் பட்டியில் துணி சுற்றி மகனுக்கு அளவாக்கினேன்.

போனுக்குப் பட அட்டை: கடிக்காமல், படம் உள்ள அட்டையைக் கையில் தந்து கேட்கப் பழக்குவது. 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கத்தலால் கிடைத்த கவனிப்பையும் உதவியையும் சொல்லால் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். கத்தல் குறைந்தது. சொல் வராத பிள்ளைக்குப் படம் போதும். இணையத்தில் எடுக்கும் படங்களை விடுங்கோ. எங்கள் போன், எங்கள் கோப்பை, எங்கள் கிணற்றடி, இவற்றைப் படமெடுத்து ஸ்ரூடியோவில் அடித்து லமினேற் பண்ணினோம். அவன் அமைதியாக இருக்கும் நேரம் பழக்குங்கோ. அட்டை தந்த கணமே பொருளைக் கொடுங்கோ, நாளுக்குப் பத்துத் தரம் கேட்டாலும். காத்திருக்கப் பழக்குவது பிறகு, மணற்கடிகாரத்தோடு.

4. கூடிப் பிறகு குறையும்

கடித்தால் போன் இல்லை என்று நிறுத்தியதும் முதலில் கடி கூடலாம், எங்களுக்குக் கூடியது. இதை எங்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலாம் நாள் நாற்பது நிமிடம் கத்தினான். அம்மம்மாவுக்குத் தாங்கவில்லை, கொடுத்துவிட்டார். நாற்பது நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று அவன் அன்றைக்குப் படித்தான். வீட்டில் எல்லாரும் இருந்து கதைத்து ஒத்துக்கொள்ளாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். விடாமல் நின்றபிறகு எங்களுக்கு மூன்றாம் கிழமையில் குறைந்தது.

அப்படிக் கத்தும்போது கதைக்காதேங்கோ. தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணை, பக்கத்தில் ஓராள், அவ்வளவுதான். சத்தத்துக்குப் பயந்து கத்துகிற பிள்ளையை இப்படி விட்டுப் பார்க்கக் கூடாது, உடனே அந்த இடத்தைவிட்டுக் கொண்டுபோங்கோ.

ஊரில் சிலர், "தாய் சண்டைக்குள்ள பட்ட பயம்தான் பிள்ளைக்கு வந்தது" என்றார்கள். 2009இல் எனக்குப் பதினாறு வயது. பயந்தேன்தான், இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். ஆனால் ஓட்டிசம் மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு, பெருமளவு மரபணுவோடு வருவது. தாயின் பயத்திலோ வளர்ப்பிலோ ஊசியிலோ வந்ததில்லை. இதை எனக்கு நானே பல தரம் சொல்லவேண்டியிருந்தது.

பின்சேர்க்கை: புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தாய் எழுதியிருந்தார், அவரது மகள் சொல்லாமல் ஓடிவிடுகிறாளாம். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்படியான பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரில் விருப்பம். எங்கள் வளவுகளில் கிணறு இருக்கிறது, பக்கத்தில் குளமும் வாய்க்காலும் இருக்கின்றன. கொப்பி வாங்க முதல் கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போடுங்கோ, படலைக்கு உயரத்தில் கொளுக்கி போடுங்கோ.

இன்னொன்று: கோயிலுக்கே போகக் கூடாதா என்று ஒரு தகப்பன் கேட்டார். போகலாம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் இரவு எங்களுக்கு இப்போதைக்குச் சரிவராது. அந்தச் சனமும் மேளமும் ஸ்பீக்கரும் அவனுக்குத் தாங்காது. சாதாரண நாளொன்றில் விடியப் போனோம். கோயில் படத்தை முதல் நாளே காட்டியிருந்தேன். காதுமூடியோடு கால் மணித்தியாலம் மணலில் இருந்தான், பிறகு வீட்டு அட்டையை என் கையில் தந்தான். பூசை முடியவில்லை. எழும்பி வந்துவிட்டோம்.