மலைநாட்டுக்கு வரும்போது கிலோமீட்டரை நம்பாதீர்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 77 கிலோமீட்டர்தான். கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிடுவோம்" என்று போனில் சொல்வார்கள். கண்டி கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். றம்பொடை வளைவுகளில் முன்னால் ஒரு லொறி ஏறினால் அதன் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். பின்னேரம் புறப்பட்டால் பனிமூட்டத்தில் அருவியும் தெரியாது, வளைவும் தெரியாது. அடைமழை நாட்களில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்காமல் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவிலும் இதே தவறுதான். ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் 'உலக முடிவு' என்ற செங்குத்து மலை விளிம்புக்குப் போய் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான் காட்சி. விடியும்போதே பூங்கா வாசலில் இருங்கள்.

சரி, கண்டிக்கு வருவோம். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைப் பார்த்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனம் தாங்காத விஷயம் இது. பிலிமத்தலாவைப் பக்கம் கடலாதெனிய விகாரை இருக்கிறது. கம்பளை இராசதானிக் காலத்தில், 1344இல், வெறும் பாறை மேல் கல்லால் எழுப்பியது. கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராசாரி. தூண்களைப் பார்த்தால் நம்மூர்க் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். காலையிலேயே போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், உச்சி வெயிலில் அந்தப் பாறை காலைச் சுட்டுவிடும். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம், தேயிலை மலை. வண்டியை நிறுத்தி, கொழுந்து எடுக்கும் பெண்களை நோக்கிப் போனை நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இடுப்பில் படங்குத் துணி, முதுகில் கூடை, கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகள். அந்த விரல்கள் ஒரு நிமிடம் நின்றாலும் கூடையில் கொழுந்து குறையும். பல தோட்டங்களில் சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்று நீங்கள் நிறுத்தி வைக்கும் நேரம் அவர்கள் கூலியில் போகிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசல்களும் அப்படித்தான். அது ஒருவருடைய வீடு, கேட்காமல் எட்டிப் பார்க்காதீர்கள்.

கொழுந்தை எடை போட்டு முடித்து, மர நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். அந்த நேரத்தில் போய்ப் பேசுங்கள். எந்த ஊர் என்று முதலில் அவர்கள்தான் கேட்பார்கள்.