துள்ளி விழுந்த மெமரி கார்டு

புதுச்சேரியில் விசைப்படகுகளுக்கான பதிவுக் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். அதற்கு மைக்ரோ எஸ்டி மெமரி கார்டைச் செருகும் கனெக்டரை நானே வடிவமைத்தேன். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுமுறை அழுத்தினால் வெளியே வரும்.

முதல் மாதிரியில் கார்டு தெறித்து ஓடியது. 15க்கு 11 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. படகில் விழுந்தால் ஐஸ் பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவ வேண்டியதுதான். ஸ்பிரிங்கை மெலிதாக்கினேன். தெறிப்பது நின்றது, ஆனால் கார்டை அழுத்தித் தொட்டு மின் இணைப்புத் தரும் 8 தொடுமுனைகளின் பிடியை மீற முடியாமல் கார்டு பாதியிலேயே நின்றுவிட்டது. பழைய ஸ்பிரிங்கையே போட்டு, பக்கச் சுவரில் வளைந்த சிறு தகடு ஒன்றைச் சேர்த்தேன். அது கார்டின் விளிம்பை உரசி வேகத்தை அடக்குகிறது. இப்போது கார்டு நிதானமாக வருகிறது.

இன்னொரு தொல்லை, சில சமயம் பூட்டே விழாதது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூட்டில் இதய வடிவக் காடி (பள்ளம்) ஒன்று உண்டு; அதில் ஒரு கம்பியின் முனை சுற்றி வந்துதான் கார்டைப் பூட்டும், விடுவிக்கும். அந்தக் காடிக்குள் இருக்கும் படிகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. கம்பி முனையை ஒரே திசையில் சுற்ற வைப்பது அந்தப் படிதான். மழுங்கினால் கம்பி வந்த வழியே திரும்பிவிடும். வார்ப்பு அச்சைத் திருத்திப் படியை ஆழமாக்கினேன், விளிம்பைக் கூராக்கினேன். கம்பியையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன். உப்புக்காற்றில் சாதா இரும்பு தாங்காது.