சிக்னலில் மட்டும் அடம்பிடித்த கிளட்ச்

காலையில் காரை எடுத்தால் ஒரு குறையும் இருக்காது. அரைமணி நேரம் ஓடிச் சூடானபின், சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நின்றால்தான் வினை. வண்டி மெல்ல முன்னே நகரப் பார்க்கும். முதல் கியர் கரகரவென்று முரண்டு பிடிக்கும். பெடலை இரண்டு முறை வெடுக்கென்று மிதித்தால் சரியாகிவிடும். மெக்கானிக் முன்னால் மட்டும், சொல்லிவைத்தாற்போல் ஒழுங்காக இருக்கும். கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேய்ந்த பிளேட் வழுக்கும். இப்படி விடுபடாமல் இழுக்காது.

கிளட்சை இயக்கும் ஆயில் அதன் டப்பாவில் குறையவில்லை, வெளியே கசிவும் இல்லை. சூடு ஆறுவதற்குள் எஞ்சினை நிறுத்தி, நண்பரைப் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைக் கவனித்தேன். நீண்டு வந்த தண்டு, அவர் காலை எடுக்காதபோதே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்வாங்கியது. வேகமாக மிதித்தால் நீண்டபடியே அசையாமல் நின்றது. பிடிபட்டுவிட்டது: பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று மிதிக்கும்போது மட்டும் அழுத்தத்தில் சீல் விரிந்து அடைத்துக்கொண்டது.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றி, புதிதாக டாட் 4 ரக பிரேக்-கிளட்ச் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினேன். பழைய ஆயில் மை போலக் கறுத்து, ரப்பர் துகள்களோடு வந்தது.