டைபர் தீவுப் பாலத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமுக்குப் போய்ப் பழைய பாலங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறவர்கள், முதல் பயணத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கை ஆடியது, படம் சாய்ந்தது எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

தப்பான பாலத்தை எடுப்பது

டைபர் ஆற்றின் நடுவில் ஒரு தீவு. இரு கரைகளிலிருந்தும் அதற்கு ஒவ்வொரு பாலம். கிழக்கே இருப்பது பொந்தே ஃபப்ரீச்சியோ ('பொந்தே' என்றால் இத்தாலிய மொழியில் பாலம்). கி.மு. 62-இல் கட்டியது, இன்றும் ஜனங்கள் அதன் மேல் நடக்கிறார்கள். மேற்கே, ரோமின் திராஸ்தேவேரே என்ற பகுதிப் பக்கம் போவது பொந்தே செஸ்தியோ. அதுவும் ரோமானியர் கட்டியதுதான். ஆனால் ஆற்றுக்குக் கரைச்சுவர் எழுப்பியபோது, 1888-க்கும் 1892-க்கும் இடையில், அதைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். பழைய கற்களில் ஒரு பகுதிதான் மிஞ்சியது.

இது தெரியாமல் ஒரு காலை முழுக்க செஸ்தியோவையே சுற்றிச் சுற்றி எடுத்தேன். வெளிச்சம் அருமையாக அமைந்தது. ஊர் திரும்பி, 'கி.மு. 62 முதல் நிற்கும் பாலம்' என்று அடியில் எழுதி, பன்னிரண்டு பெரிய பிரிண்ட் போட்டுச் சட்டமும் அடித்தாயிற்று. கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒரு கட்டடக்கலை மாணவி, "சார், இதில மூணு வளைவு இருக்கே, ஃபப்ரீச்சியோவுக்கு ரெண்டுதானே?" என்றாள். பன்னிரண்டையும் சுவரிலிருந்து இறக்கினேன். பணம் போனது ஒரு பக்கம். தீவைக் குறுக்கே கடந்திருந்தால் அசல் பாலம் அங்கேயே இருந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போதும் செஸ்தியோ படத்துக்குக் கீழே 'கி.மு. 62' என்று யாராவது எழுதி அனுப்பினால் எரிச்சல் வருகிறது. கேமராவைத் திறக்கும் முன் வளைவை எண்ணுங்கள். அப்புறமும் சந்தேகமா? ஃபப்ரீச்சியோவின் வளைவுக்கு மேலே, சாலைப் பொறுப்பாளர் லூசியஸ் ஃபப்ரீசியஸ் கட்டுவித்தது என்று கல்லிலேயே பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

நடுப்பகலில் கல்வெட்டு

எழுத்து படியாது. சாய்ந்த வெயில் வேண்டும்.

சின்ன வளைவை மறைப்பது

ஃபப்ரீச்சியோவின் இரண்டு பெரிய வளைவுக்கும் நடுவே, தூணின் மேற்பகுதியில் ஒரு சிறு வளைவு திறந்திருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. வெள்ளம் ஏறினால் தண்ணீர் அதன் வழியாகவும் பாயும், தூணை முட்டும் அழுத்தம் குறையும். மரக்கிளை அதை மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

பாலத்தின் மேலேயே நின்றுவிடுவது

படியிறங்கி ஆற்றோரம் போங்கள்.

பொந்தே ரோத்தோ

தீவைத் தாண்டி ஆறு ஓடும் திசையில் ஒற்றை வளைவாக நிற்கும் இந்தப் பழைய பாலம் போரில் இடிந்ததல்ல. 1598 வெள்ளத்தில் பாதி போனது, மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பின்னால் இடித்துவிட்டார்கள்.