ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளும் முன்

யோபு 8:7 பலருக்கும் மனப்பாடம். துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம். புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்கும்போது யாராவது நமக்கு இதைச் சொல்லியிருப்பார்கள், நாமும் நாலு பேருக்குச் சொல்லியிருப்போம். இப்போது வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். அங்கே பேசுகிறவன் பில்தாத், யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவன். பெற்ற பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனுஷனிடம், பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்கிற தொனியில் பேசிவிட்டு, நீ சுத்தமாக இருந்தால் உனக்கு எல்லாம் திரும்பி வரும் என்று அவன் சொல்கிற இடம் அது. புத்தகத்தின் கடைசியில் (42:7) இந்த நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவனே கோபப்படுகிறார். யோபுவின் முடிவு ஆசீர்வாதமாக அமைந்தது உண்மை, ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அது நடக்கவில்லை.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, யார் யாரிடம் எந்த நிலையில் இதைச் சொல்கிறார் என்பது. "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் போட்டார். பவுல் பிலிப்பி சபைக்கு எழுதியது எண்ணே இல்லாத கடிதம். கடிதத்தை யாரும் நடுவில் ஒரு வரியை உருவிப் படிப்பதில்லையே! பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரே மூச்சில் படித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அப்படிப் படித்தால் 4:13இல் "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதுகிற ஆள் காவலில் கட்டப்பட்டிருக்கிறார் என்பதும், அதற்கு முந்தின வசனத்திலேயே பட்டினியாக இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார் என்பதும் தெரியும். ஜெயிப்பதற்கான பெலனைவிட, இல்லாமையிலும் தாக்குப்பிடிக்கிற பெலனைப் பற்றியே அவர் பேசுகிறார்.

உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11ம் அப்படித்தான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது, அதாவது அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அதையும் சேர்த்துப் படித்தால் அந்த வாக்குத்தத்தத்தின் கனம் கூடும், குறையாது.

அடுத்து, எந்த வகை எழுத்து என்று பாருங்கள். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடுக்காதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. முரண்பாடு என்று பதற வேண்டாம், எந்த நேரத்தில் எது என்று நிதானிக்கப் பழக்குவதுதான் பழமொழியின் வேலை. பிள்ளையை நடத்த வேண்டிய வழியில் நடத்து, முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்ற 22:6ஐ உத்தரவாதப் பத்திரம்போல எடுத்துக்கொண்டு, பிள்ளை விலகிப் போனதற்குத் தங்களையே வருஷக்கணக்கில் குற்றப்படுத்திக்கொள்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அது பொதுவாக வாழ்க்கை எப்படிப் போகும் என்று சொல்கிற ஞானம். தயவுசெய்து அதை அவர்கள் தலையில் பாரமாக வைக்காதீர்கள்.

சரி, பழைய சட்டங்களை எப்படி இன்றைக்குக் கடைப்பிடிப்பது? உபாகமம் 22:8ஐ வைத்துப் பழகலாம். புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாரும் விழுந்து அந்தப் பழி உன் வீட்டின்மேல் வரக் கூடாது. அன்று மொட்டை மாடியில் ஆட்கள் நடமாடுவார்கள், அதனால் சுவர். காரணத்தை வசனமே சொல்லிவிடுகிறது: என் இடத்தில் இன்னொருவர் உயிருக்கு நான் பொறுப்பு. அப்படியானால் என் வீட்டில் அறுந்து தொங்கும் மின்கம்பி, பிரேக் சரியில்லாத என் வண்டி, இதெல்லாம் அந்த வசனத்துக்குள் வந்துவிடும். எல்லாப் பகுதிகளும் இவ்வளவு சுலபம் இல்லை. 1 கொரிந்தியர் 11இல் முக்காடு பற்றிச் சொன்னது எல்லாக் காலத்துக்குமா, அந்தச் சூழலுக்கா என்பதில் சபைகள் இன்றும் வேறுபடுகின்றன. அங்கே நிதானமாக இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

இன்னொரு முக்கியமான சோதனை. தேவதூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்ற சங்கீதம் 91ஐக் காட்டி, ஆலயத்து உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்னவன் பிசாசு. இயேசு அந்த வசனத்தை மறுக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே "என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த "என்றும்" எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு வசனம் உங்களை ஒரு பக்கம் இழுத்தால் மற்ற இடங்கள் என்ன சொல்கின்றன என்று தேடுங்கள், தனியாக முடிவெடுக்காமல் முதிர்ந்த ஒருவரிடமும் கேளுங்கள். தேவனிடத்திலும் பிறரிடத்திலும் அன்பை வளர்க்காத விளக்கம் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று ஆதித் திருச்சபை போதகரான அகஸ்டின் 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

கடைசியாக, படித்ததை முதலில் உங்கள்மேல் பொருத்துங்கள். இந்த வாரம் யாருக்கு, என்ன, எப்போது செய்வேன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் போதாது. என் அப்பா கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது, விசுவாசம் இருந்தால் எழுந்துவிடுவார் என்று ஒருவர் வசனம் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. அதற்கப்புறம் நோயாளியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் யோபு 2:13ஐ நினைத்துக்கொள்கிறேன். அதே நண்பர்கள் வாயைத் திறப்பதற்கு முன், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.